அச்சு போலத் தெரியும் கைவேலை: பாப் ஆர்ட் பிறந்த விதமும் அதன் இயல்பும்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஆண்டி வார்ஹால் வரைந்த காம்ப்பெல் சூப் டப்பாக்கள் இருக்கின்றன. மொத்தம் 32 கேன்வாஸ்கள். ஒவ்வொன்றும் 20 அங்குல உயரம், 16 அங்குல அகலம். பத்தடி தள்ளி நின்றால் மளிகைக்கடை அலமாரியைப் பார்ப்பது போலிருக்கும். அதே டப்பா, அதே சிவப்பு, அதே வெள்ளை, சூப்பின் பெயர் மட்டும் மாறுகிறது. அச்சகத்திலிருந்து கட்டாக வந்திறங்கியவை என்றே கண் நம்பிவிடும்.

கிட்டே போனால் விஷயம் வேறு. டப்பாவின் அடியில் வரிசையாக ஓடும் பூ முத்திரைகள் கையால் குத்தியவை. சில அழுத்தமாக விழுந்திருக்கின்றன, சில மங்கல். டப்பாவின் உருவத்தைப் புரொஜெக்டரால் கேன்வாஸில் விழச் செய்து, பென்சிலால் கோடு இழுத்து, தூரிகையால் நிரப்பியிருக்கிறார். இயந்திரத்தின் வேலை என்று நாம் நினைத்தது, இயந்திரத்தைப் போல இருக்க முயன்ற ஒரு கையின் வேலை.

விளம்பரத்தையும் காமிக்ஸையும் சினிமா நட்சத்திரங்களையும் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்த இயக்கம் என்று பாப் ஆர்ட்டை ஒரே வரியில் அறிமுகப்படுத்துவது வழக்கம். அது தப்பில்லை, பாதிதான். எதை வரைந்தார்கள் என்பதை அது சொல்கிறது, எப்படி வரைந்தார்கள் என்பதை விட்டுவிடுகிறது. இந்த இயக்கத்தின் முக்கியமான பெயர்களில் பலர் வணிகப் படவேலையில் கை பழகியவர்கள். வார்ஹால் 1949இல் நியூயார்க் வந்து பத்தாண்டுக்கும் மேலாகப் பத்திரிகைகளுக்கும் செருப்பு விளம்பரங்களுக்கும் படம் போட்டவர். ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் சாரத்தில் தொங்கிக்கொண்டு டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை எழுதியவர். ரிச்சர்ட் ஹாமில்டன் போர்க்காலத்தில் தொழிற்சாலை வரைவாளர். இந்தத் தொழில் நுணுக்கங்களை எடுத்துவிட்டால் பாப் ஆர்ட்டில் மிஞ்சுவது வெறும் பொருட்பட்டியல்தான்.

லண்டனில் பிறந்த பெயர்

நியூயார்க்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் தொட்டில் லண்டன். போர் 1945இல் முடிந்தும் பிரிட்டனில் ரேஷன் முழுதாக முடிய 1954 ஜூலை ஆயிற்று. கடைசியாக விடுபட்டது இறைச்சி. கூப்பனை நீட்டி இறைச்சி வாங்கிக்கொண்டிருந்த ஊரில், அமெரிக்கப் பத்திரிகைகளின் வண்ண விளம்பரங்கள் வேற்றுலகத்துச் சேதி போல வந்து விழுந்தன. பெரிய குளிர்பெட்டி, நீளமான கார், டப்பாவில் அடைத்த முழுப் பன்றித்தொடை. அமெரிக்கருக்கு அது அன்றாடம், லண்டன்காரருக்குக் கனவு. அந்தத் தூரம் இருந்ததால்தான் விளம்பரத்தை ஓர் ஆய்வுப் பொருளாக அவர்களால் பார்க்க முடிந்தது.

சிற்பியும் ஓவியருமான எடுவார்டோ பாவ்லோட்சி பாரிஸில் இருந்த நாட்களில் அங்கே தங்கியிருந்த முன்னாள் அமெரிக்கச் சிப்பாய்களிடமிருந்து கிடைத்த பத்திரிகைகளை வெட்டி ஒட்டிச் சேர்த்துவைத்தார். 1947ஆம் ஆண்டின் ஓர் ஒட்டுப்படத்தில் ஒரு பெண்ணை நோக்கித் துப்பாக்கி நீள்கிறது. அதிலிருந்து கிளம்பும் வெள்ளைப் புகைக்குள் ‘பாப்!’ என்ற சொல். கீழே கோக்கோ கோலா பாட்டில், ஒரு போர் விமானம். 1952இல் லண்டன் தற்காலக் கலை நிறுவனத்தில் இண்டிபென்டன்ட் குரூப் என்ற சிறு குழு கூடியபோது, இந்த வெட்டுத்துண்டுகளை எபிடயஸ்கோப் கருவியில் வைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் காட்டினார். பெரிதாக விளக்கம் எதுவும் சொல்லவில்லை. குழுவில் ஓவியர்களுடன் கட்டடக் கலைஞர்களும் விமர்சகர்களும் இருந்தார்கள். அந்தக் கலவை முக்கியம். ஒரு காரின் வால்பகுதி வடிவத்தைப் பற்றியும் ஒரு சிற்பத்தைப் பற்றியும் ஒரே மேசையில் ஒரே தொனியில் பேசக்கூடியவர்கள் அவர்கள்.

1956 ஆகஸ்டில் வைட்சேப்பல் கலைக்கூடத்தில் அந்த வட்டாரத்தினர் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதன் சுவரொட்டிக்கும் விவரநூலுக்குமாக ஹாமில்டன் செய்த ஒட்டுப்படம்தான் பாப் ஆர்ட் வரலாறுகளில் முதல் பக்கத்தில் அச்சாவது. புத்தகங்களில் பார்த்துப் பழகியவர்கள் அதைச் சுவர் அகலப் படமென்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் அது ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் உயரம், 25 சென்டிமீட்டர் அகலம். ஒரு பள்ளி நோட்டின் அளவுதான். இப்போது ஜெர்மனியின் ட்யூபிங்கனில் இருக்கிறது. ஒரு வரவேற்பறை. நடுவே உடற்பயிற்சி செய்து முறுக்கேறிய ஆண், கையில் டென்னிஸ் மட்டை அளவுக்கு ஒரு குச்சி மிட்டாய், அதன் உறையில் ‘பாப்’ என்ற எழுத்து. சுவரில் சட்டமிட்ட காதல் காமிக்ஸ் அட்டை. விளக்குக் கூண்டில் ஃபோர்டு கார் சின்னம். மாடிப்படியில் நீண்ட குழாயுடன் தூசி உறிஞ்சும் கருவி. எதெது வேண்டும் என்று ஹாமில்டன் முதலில் பட்டியல் போட்டார். அவருடைய மனைவி டெர்ரியும் மாக்டா கார்டெல் என்ற ஓவியரும் பத்திரிகைக் குவியலில் தேடி வெட்டிக் கொடுத்தார்கள். சமையலுக்குச் சாமான் எழுதிக்கொடுப்பது போன்ற அந்தப் பட்டியல் முறைதான் இங்கே புதிது. அந்தப் படத்துக்குள் இருப்பவை ஒரு கலைஞனின் மனக்கொந்தளிப்பில் உதித்தவையல்ல, கொள்முதல் செய்யப்பட்டவை.

1957 ஜனவரி 16 அன்று கட்டடக் கலைஞர்களான ஸ்மித்சன் தம்பதியருக்கு எழுதிய கடிதத்தில் ஹாமில்டன் பாப் ஆர்ட்டின் குணங்கள் என்று பதினொன்றை அடுக்கினார்: வெகுஜனத்துக்கானது, சில நாள் தங்குவது, தூக்கி எறியத்தக்கது, மலிவு, மொத்தமாகத் தயாராவது, இளைஞர்களைக் குறிவைப்பது, சாதுரியமானது, பாலியல் கவர்ச்சியுள்ளது, தந்திரம் நிறைந்தது, பகட்டானது, பெரும் வியாபாரம். இன்றும் பல அறிமுக நூல்கள் இதை ஓவிய இயக்கத்துக்கான இலக்கணமாகவே எடுத்துப் போடுகின்றன. கொஞ்சம் நிதானித்துப் படித்தால் அவர் வர்ணிப்பது விளம்பரத்தையும் சினிமாவையும் என்பது விளங்கும். அப்போது ‘பாப் ஆர்ட்’ என்றால் அந்த வெகுஜனப் பண்டங்கள்தான். விமர்சகர் லாரன்ஸ் அலோவேயும் அந்தப் பொருளில்தான் பேசினார். அவற்றை வைத்து வரையப்பட்ட ஓவியங்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது சில ஆண்டுகள் கழித்து. ஒட்டிய பிறகு பட்டியலின் பாதி தலைகீழாகிவிட்டது. சில நாள் தங்குவதற்கான லேபிள் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாயிற்று, மலிவானது ஏலத்தில் கோடிக்குப் போனது.

அமெரிக்காவில் ஏன் பிடித்துக்கொண்டது

1950இல் அமெரிக்காவில் பத்து வீட்டில் ஒன்றில் கூடத் தொலைக்காட்சி இல்லை. 1960இல் பத்தில் ஏறக்குறைய ஒன்பது வீட்டில் இருந்தது. கண்ணுக்குத் தீனி போடுவது யார் என்பதே பத்தாண்டில் மாறிப்போனது. கலைக்கூடங்களிலோ அரூப ஓவியர்களின் ஆட்சி. ஜாக்சன் போலக், வில்லம் டி கூனிங் தலைமுறைக்குத் தூரிகை வீச்சும் வண்ணத் தெறிப்பும் அந்த மனிதனின் ஆன்மாவே இறங்கிய தடம். அடுத்து வந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தபோது அதுவும் ஒரு பாணியாக, கொஞ்சம் சலிப்பாக ஆகிவிட்டது.

முதல் வெடிப்பு ஜாஸ்பர் ஜான்ஸிடமிருந்து வந்தது. 1954–55இல் அவர் அமெரிக்கக் கொடியை வரைந்தார். உருக்கிய மெழுகில் நிறத்தைக் கலந்து, செய்தித்தாள் துண்டுகள்மேல் பூசினார். மெழுகு உடனே இறுகிவிடும் என்பதால் தூரிகையின் ஒவ்வொரு இழுப்பும் தனித்தனியே உறைந்து தெரிகிறது. பார்ப்பது கொடியா, கொடியின் படமா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடையாது. ராபர்ட் ராஷன்பெர்க் 1955இல் தன் போர்வையையும் தலையணையையுமே சட்டத்தில் ஏற்றி வண்ணம் கொட்டினார். இவர்களைப் பாப் ஓவியர்கள் என்று சொல்வதைவிடக் கதவைத் திறந்துவிட்டவர்கள் என்பதே பொருத்தம்.

காமிக்ஸ் சட்டகங்களைக் கேன்வாஸில் பெரிதாக்கிய அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் 1963இல் ஒரு பேட்டியில் சொன்ன விளக்கம் எல்லாத் தத்துவத்தையும்விடத் தெளிவானது. வண்ணம் சொட்டும் அழுக்குத் துணியைக்கூட மாட்டிவைக்கத் தயாராக இருந்த காலத்தில், யாருமே சுவரில் மாட்டத் துணியாத ஒன்றைத் தேடினாராம். எல்லோரும் ஒருமித்து வெறுத்தது வணிகப் படங்களை. அதனால் அதை எடுத்துக்கொண்டார். அந்த வெறுப்பும் நெடுநாள் நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு புள்ளிக்குப் பின்னால்

லிக்டன்ஸ்டைன் என்றால் புள்ளிகள். அதைப் பற்றி ஒரு தவறு திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. செய்தித்தாள் புகைப்படத்தில் இருப்பது அரைச்சாயல் புள்ளி: இருண்ட இடத்தில் பெரிதாகவும் வெளிச்சத்தில் சிறிதாகவும் புள்ளியின் அளவே மாறும். காமிக்ஸில் தட்டையான நிறத்துக்குப் பயன்பட்டது பென்-டே புள்ளி. பெஞ்சமின் டே என்ற அமெரிக்க அச்சுக்காரர் 1879இல் கொண்டுவந்த முறை. எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. வெள்ளைத் தாளில் சிவப்புப் புள்ளி போட்டால் தூரத்தில் ரோஜா நிறத் தோல். தனியாக ரோஜா மையே வேண்டாம், செலவு மிச்சம். லிக்டன்ஸ்டைன் எடுத்தது இந்த இரண்டாவது வகையை. உண்மையான காமிக்ஸில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோக வேண்டிய புள்ளியை, கரையவே முடியாத அளவுக்கு அவர் பெரிதாக்கினார்.

செய்முறை இப்படி. காமிக்ஸிலிருந்து ஒரு சட்டகத்தை எடுத்துச் சிறிய தாளில் மறுபடி வரைவார். அந்த வரைபடத்தை ஒளிபுகாப் பொருள்களைக் காட்டும் புரொஜெக்டரில் வைத்துக் கேன்வாஸில் விழச்செய்து பென்சிலால் இழுப்பார். இழுத்த பிறகும் கோடுகளை நகர்த்துவார். புள்ளிகளுக்கு 1961இல் அவர் பயன்படுத்தியது நாய்க்கு முடி வாரும் பிரஷ். அதன் முட்களை வண்ணத்தில் தோய்த்துக் கேன்வாஸில் அழுத்தினார். முட்கள் எல்லாம் ஒரே அளவு வண்ணம் எடுக்காது. ஒன்று குண்டாக விழும், ஒன்று விழவே விழாது, அடுத்த அழுத்தம் முந்தியதோடு நேர்கோட்டில் சேராது. அந்த ஆண்டு அவர் வரைந்த மிக்கி மவுஸ் படத்தில் முகத்துப் புள்ளிகள் திட்டுத் திட்டாக இருப்பதற்குக் காரணம் அதுதான். பிறகு துளையிட்ட உலோகத் தகட்டுக்கு மாறினார். தகட்டைக் கேன்வாஸ்மேல் வைத்து, எண்ணெய் வண்ணத்தைச் சிறிய பிரஷால் துளைகள் வழியே தேய்ப்பது உதவியாளர்களின் வேலை. வண்ணம் இளக்கமாக இருந்தால் தகட்டின் அடியில் கசிந்து புள்ளி வழியும். கெட்டியாக இருந்தால் துளை அடைத்துக்கொள்ளும். முகத்தைத் தவிர மற்ற இடங்களையெல்லாம் தாளால் மூடியிருக்க வேண்டும். தகட்டை அடுத்த இடத்துக்கு நகர்த்தும்போது பழைய வரிசையோடு சேர்த்துப் பொருத்தவேண்டும், இல்லாவிட்டால் கன்னத்தின் குறுக்கே தையல் போட்டது மாதிரி ஒரு கோடு தெரியும். கடைசியில் தடித்த கறுப்பு விளிம்பு. புள்ளியின் ஓரங்களில் இருக்கும் சில்லறைக் குறைகளை அந்தக் கறுப்பு மூடிவிடும். காமிக்ஸ் அச்சிலும் கறுப்புக் கோட்டுக்கு அந்த வேலை உண்டு.

தட்டையான நிறங்களுக்கு அவர் தேர்ந்தது மேக்னா என்ற அக்ரிலிக் வண்ணம். அது தண்ணீரில் கரையாது, டர்பன்டைனில் கரையும், காய்ந்த பிறகும் கரையும். பிடிக்காத கோட்டைத் தடமே இல்லாமல் துடைத்து எடுத்துவிடலாம். தயங்கியதும் திருத்தியதும் வெளியில் தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அரூப ஓவியர்கள் பெருமையாகக் காட்டிய தடத்தை இவர் வேதியியலை வைத்து அழித்தார்.

இவ்வளவும் செய்து அவர் காமிக்ஸை அப்படியே நகலெடுத்தாரா என்றால், 1963இல் வரைந்த, நீரில் மூழ்கும் பெண்ணின் படத்தைப் பார்க்கலாம். மூலம் 1962இல் டிசி நிறுவனம் வெளியிட்ட காதல் காமிக்ஸ். வரைந்தவர் டோனி அப்ருஸோ. மூலத்தில் பின்னால் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆண் இருக்கிறான். தசை பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மால் என்பவனை உதவிக்குக் கூப்பிட மாட்டேன் என்கிறாள் அவள். லிக்டன்ஸ்டைன் படகை எடுத்தார், ஆளை எடுத்தார், தசைப்பிடிப்பை எடுத்தார், மால் என்ற பெயரை பிராட் ஆக்கினார். அலைகளைச் சுழித்து அவள் முகத்தைச் சுற்றி வளைத்தார். காரணம் போய்விட்டது, பிடிவாதம் மட்டும் நிற்கிறது. கதையின் ஒரு நொடியாக இருந்தது, முன்னும் பின்னும் இல்லாத ஒரு நிலையாகிவிட்டது. ஏறக்குறைய 170 சென்டிமீட்டர் சதுரக் கேன்வாஸில் அந்தக் கண்ணீரைப் பார்க்கும்போது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது. அந்தத் தவிப்பை உண்டாக்குவதுதான் பாப் ஆர்ட்டின் தொனி. கிண்டலும் மரியாதையும் ஒரே அளவில் கலந்து, எது அதிகம் என்று காட்டிக்கொடுக்காது.

மை அடைத்துக்கொண்ட திரை

வார்ஹாலும் முதலில் காமிக்ஸ்தான் வரைந்தார். 1961 ஏப்ரலில் ஒரு துணிக்கடையின் கண்ணாடி ஜன்னலில் பொம்மைகளுக்குப் பின்னால் அந்தப் படங்கள் தொங்கின. லிக்டன்ஸ்டைன் அதே வேலையைத் தன்னைவிட நன்றாகச் செய்வதை லியோ காஸ்டெல்லியின் கலைக்கூடத்தில் பார்த்ததும் காமிக்ஸை விட்டுவிட்டு சூப்புக்கு வந்தார். 1962 ஆகஸ்டில் கைத்தூரிகையையும் பெருமளவு குறைத்துக்கொண்டு, புகைப்பட ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு மாறினார்.

நம்மூரில் கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அடித்துத்தரும் கடைகளில் நடப்பதும் இதே வேலைதான் என்பதால், அங்கே நின்று பார்த்தவர்களுக்கு விளங்க வைப்பது எளிது. புகைப்படத்தைச் சாம்பல் நிறங்கள் குறைந்து கறுப்பும் வெள்ளையுமாகத் தெறிக்கும்படி பாசிட்டிவ் ஃபிலிம் எடுக்கவேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் ஒளிபட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசி, ஃபிலிமை ஒட்டவைத்து விளக்கடியில் வைக்கவேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகும். ஃபிலிமின் கறுப்புக்கு அடியில் இருந்தது இளகியே இருந்து, தண்ணீர் அடித்தால் கழுவிக்கொண்டு போகும். அந்தத் திறப்புகள் வழியே ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் படம் விழும். ரப்பரை நிமிர்த்திப் பிடித்தால் மை குறைவாக இறங்கும், சாய்த்தால் அதிகம். அழுத்தம் நடுவில் குறைந்தால் முகத்தின் நடுவே வெளிறும். இரண்டு இழுப்புக்கு நடுவே தாமதித்தால் மை வலைக்கண்ணில் காய்ந்து அடைக்கும். கரைப்பானால் துடைக்காமல் தொடர்ந்தால் ஒவ்வொரு படமும் முந்தியதைவிட மங்கும்.

எந்தக் கடைக்காரரும் இந்தப் பிழைகளைக் கண்டால் தாளைக் கசக்கிப் போட்டுவிடுவார். வார்ஹால் வைத்துக்கொண்டார். 1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்தார். 1953இல் வந்த ‘நயாகரா’ படத்துக்கான விளம்பரப் புகைப்படம் ஒன்றை எடுத்து அந்த ஆண்டே இரட்டைப் பலகை ஓவியம் செய்தார். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடப்பக்கம் 25 முகங்கள் வண்ணத்தில், வலப்பக்கம் 25 கறுப்பு வெள்ளையில். வண்ணப் பகுதியில் அடிநிறங்கள் முதலில் பூசப்பட்டவை: முடிக்கு மஞ்சள், தோலுக்கு ரோஜா, கண்ணிமைக்கு நீலம், உதட்டுக்குச் சிவப்பு. அதன்மேல்தான் கறுப்புத் திரை இறங்குகிறது. அடிநிறமும் கறுப்பும் துல்லியமாகப் பொருந்தவில்லை என்றால் உதட்டுச் சாயம் உதட்டைத் தாண்டி நிற்கும். பல முகங்களில் நிற்கிறது. வலப்பக்கத்தில் ஒரு வரிசையில் மை கூடிப்போய் முகம் கரியாகிறது, பிறகு குறைந்து குறைந்து ஓரத்தில் புகைபோல் ஆகிவிடுகிறது. இறந்த நட்சத்திரத்தின் முகம் பார்த்துப் பார்த்துத் தேய்வதை வேறு எந்த உத்தியாலும் இவ்வளவு நேரடியாகச் சொல்லியிருக்க முடியாது. அதைச் சொன்னது அடைத்துக்கொண்ட வலைக்கண்.

இதனால்தான் கைப்பேசிச் செயலிகளில் ஒரு முகத்தை நான்கு கட்டத்தில் நான்கு நிறத்தில் போட்டுத்தரும் ‘பாப் ஆர்ட்’ வடிகட்டி சப்பென்று இருக்கிறது. நிறம் கிடைக்கிறது, மீளுரு கிடைக்கிறது, பிசகு கிடைப்பதில்லை. நான்கும் ஒரே துல்லியம். வார்ஹாலின் தாள் அச்சுத் தொகுப்புகள் கூட, உதாரணமாக 1967இல் பத்துப் படங்களாக 250 பிரதிகள் வந்த மர்லின் தொகுப்பு, 1962இன் கேன்வாஸ்களைவிடச் சுத்தமானவை. சுவரில் மாட்ட அழகு. என் கணக்கில் வலு குறைவு.

துணியும் பிளைவுட்டும் பலகையும்

வெளியூர்க் கிளைகளை விரைவாகக் கடந்துவிடலாம். பிரிட்டனில் பீட்டர் பிளேக், டேவிட் ஹாக்னி, இருபத்தெட்டு வயதில் இறந்துபோய் நெடுங்காலம் மறக்கப்பட்ட பாலின் போட்டி. ஜெர்மனியில் 1963 அக்டோபரில் கெர்ஹார்ட் ரிக்டரும் கான்ராட் லூக்கும் ட்யூசல்டார்ஃபில் ஒரு மரச்சாமான் கடையில் நாற்காலிகளைப் பீடத்தில் ஏற்றிவைத்து, தாங்களே அவற்றில் உட்கார்ந்து காட்சிப்பொருளானார்கள். கம்யூனிச நாடுகளின் அதிகாரபூர்வக் கலைப்பாணியான சோஷலிச யதார்த்தவாதத்துக்குப் பதிலடியாக அவர்கள் சூட்டிய பெயர் முதலாளித்துவ யதார்த்தவாதம். அமெரிக்கர்களிடம் இல்லாத கசப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கிளேஸ் ஓல்டன்பர்க் கொஞ்சம் நிற்கத் தக்கவர். 1961 டிசம்பரில் நியூயார்க்கின் கிழக்கு 2ஆம் தெருவில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்து, கம்பிவலைமேல் பிளாஸ்டரில் தோய்த்த மஸ்லின் துணியைப் போர்த்தி, எனாமல் அடித்த பலகாரங்களையும் சட்டைகளையும் விற்றார். அடுத்த ஆண்டு கேன்வாஸ் துணியைத் தைத்து, உள்ளே நுரை ரப்பரும் அட்டைப்பெட்டிகளும் அடைத்து, ஏழடி அகலத்தில் தரையில் கிடக்கும் ஹாம்பர்கர் செய்தார். தையல் வேலை பெரும்பாலும் அவர் மனைவி பேட்டியுடையது. டொரன்டோ கலைக்கூடம் 1967இல் அதை வாங்கியபோது கலை மாணவர்கள் அதற்கு ஈடான பிரம்மாண்டத் தக்காளி சாஸ் பாட்டிலைச் செய்து தூக்கிக்கொண்டு வந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். எதிர்ப்பே பாப் ஆர்ட்டாகிவிட்டது.

ரோசன்குவிஸ்டின் பாடம் அளவு. விளம்பரப் பலகை எழுதுகிறவர் மூக்குக்கு நேரே இருக்கும் சில அடிகளைத்தான் பார்ப்பார். முழு முகம் தெருவில் நிற்பவனுக்கு மட்டுமே தெரியும். நம்மூர் சினிமா பேனர் ஓவியர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. 1964–65இல் ஒரு போர் விமானத்தின் நீளத்தோடு கேக், கார் டயர், ஸ்பகெட்டி, முடி உலர்த்தியின் கீழே ஒரு சிறுமி, அணுகுண்டுப் புகை எல்லாவற்றையும் சேர்த்து 86 அடி நீளத்தில் வரைந்து, காஸ்டெல்லி கலைக்கூடத்தின் நான்கு சுவரையும் சுற்றி ஓடவிட்டார். தள்ளி நின்று முழுதாகப் பார்க்க அறைக்குள் இடமே இருக்காது. பலகை எழுதியவரின் கிட்டப்பார்வையைப் பார்வையாளர் தலையில் கட்டினார்.

விலை, கோபம், வழக்கு

சூப் டப்பாக்கள் முதலில் காட்சிக்கு வந்தது லாஸ் ஏஞ்சல்ஸில், ஃபெரஸ் கலைக்கூடத்தில், 1962 ஜூலை 9 அன்று. சுவரை ஒட்டி ஓடிய குறுகிய தட்டில் கடையில் அடுக்குவது போலவே வைத்தார்கள். விலை ஒன்றுக்கு 100 டாலர். பக்கத்துக் கலைக்கூடம் ஒன்று உண்மையான டப்பாக்களைக் குவித்துவைத்து, எங்களிடம் மலிவு என்று கேலி செய்தது. ஐந்துக்கு மட்டும் ஆள் கிடைத்தது. கலைக்கூடத்தின் இர்விங் ப்ளம் யோசித்துவிட்டு அந்த ஐந்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு, 32ஐயும் பிரிக்காமல் தானே 1,000 டாலருக்கு, மாதம் 100 டாலர் தவணையில் எடுத்துக்கொண்டார். 1996இல் அருங்காட்சியகத்துக்குப் போனபோது மதிப்பு ஏறக்குறைய 1.5 கோடி டாலர். அவர் பிரிக்காமல் வைத்ததுதான் அந்தப் படைப்பையே உண்டாக்கியது என்று சொன்னால் மிகையில்லை. தனி டப்பா ஒரு வேடிக்கை, 32 டப்பா ஒரு பார்வை.

அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் சிட்னி ஜானிஸ் தன் கலைக்கூடத்தில் புதிய ஓவியர்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கே காட்சிப்படுத்திவந்த அரூப ஓவியர்கள் ராத்கோ, மதர்வெல், காட்லீப், கஸ்டன் நால்வரும் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். 1964 ஏப்ரலில் வார்ஹால் பிரில்லோ சோப்புத் தேய்ப்பான் அட்டைப்பெட்டிகளைப் பிளைவுட்டில் செய்து, வண்ணமடித்து, ஸ்கிரீன் பிரிண்ட் போட்டுக் கிடங்கு போல அடுக்கினார். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாத இரண்டு பெட்டிகளில் ஒன்று மட்டும் எப்படிக் கலையாகிறது என்று தத்துவவாதி ஆர்தர் டான்ட்டோ கேட்டது அங்கே நின்றுதான். அந்த அட்டைப்பெட்டியை நிறுவனத்துக்காக முதலில் வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. பிழைப்புக்கு வணிக வடிவமைப்பு, மனதுக்கு அரூப ஓவியம் என்று வாழ்ந்தவர். தன் பெட்டி அடுத்தவர் பெயரில் கலையாவதை அவரே பார்க்க நேர்ந்தது.

இங்கேதான் பாப் ஆர்ட்டின் தீராத கணக்கு இருக்கிறது. லிக்டன்ஸ்டைனுக்கு மூலம் கொடுத்த அப்ருஸோ, இர்வ் நோவிக் போன்ற காமிக்ஸ் ஓவியர்களின் பெயர் அந்த ஓவியங்களில் எங்கும் இல்லை. பூக்கள் வரிசைக்காக வார்ஹால் எடுத்தாண்ட செம்பருத்திப் புகைப்படத்துக்கு உரிய பாட்ரீசியா கால்ஃபீல்ட் 1966இல் வழக்குப் போட்டார், சமரசத்தில் முடிந்தது. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த புகைப்படத்திலிருந்து வார்ஹால் செய்த படங்கள் பற்றிய வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் 7–2 என்ற கணக்கில் புகைப்படக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. படம் கலையா இல்லையா என்பதைக் கோர்ட் தொடவில்லை. பத்திரிகைக்கு உரிமம் விற்கும் அந்த ஒரு பயன்பாட்டில் இரண்டும் ஒரே சந்தையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்றது. வணிகப் படத்திலிருந்து எடுத்தது வணிகப் படமாகவே திரும்பிப் போனபோது மாட்டிக்கொண்டது.

வெகுஜனக் கலை வேறு, பாப் ஆர்ட் வேறு என்பதையும் இங்கே பிரித்துவிடலாம். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்து சிவகாசியில் அச்சான முருகன் காலண்டர் வெகுஜனக் கலை. பூஜையறையில் மாட்டிக் கும்பிடுவதற்கானது, அதில் இடைவெளியும் கிண்டலும் கிடையாது. பரோடாவில் பூபேன் கக்கர் 1960களின் நடுவில் சாமிப் பட அச்சுகளை வெட்டிப் பலகையில் ஒட்டி எனாமல் பூசியபோது, அது பாப் ஆர்ட்டுக்கு உறவாயிற்று. சாமி படம் அதேதான். அதைப் பார்க்கும் கண் ஓரடி பின்னால் நகர்ந்திருக்கிறது.

இப்போது இந்தப் படைப்புகளோடு மல்லுக்கட்டுபவர்கள் பாதுகாப்பு நிபுணர்கள். மேக்னா வண்ணத்தில் அழுக்கேறினால், துடைக்கும் கரைப்பானே வண்ணத்தையும் கரைத்துவிடும்; திருத்த வசதியாக இருந்த குணம் பராமரிப்பில் வினையாகிறது. பத்திரிகைத் தாளில் அமிலம் உண்டு என்பதால் ஒட்டுப்படங்கள் பழுப்பேறி நொறுங்குகின்றன. பிளாஸ்டர் பலகாரங்களில் எனாமல் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. நுரை ரப்பர் சில பத்தாண்டில் தன் மீள்தன்மையை இழந்து பொடியாக உதிரும். ஓல்டன்பர்க்கின் துணி ஹாம்பர்கர் போன்ற மென்சிற்பங்கள் தொய்வதற்கென்றே செய்யப்பட்டவை. எவ்வளவு தொய்வு கலைஞர் நினைத்தது, எவ்வளவு வயதானதால் வந்தது என்று பிரித்துச் சொல்லப் பழைய புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மடிப்பை இங்கே தூக்கி, இன்னொன்றை அங்கே அமுக்கி வேலை பார்க்கிறார்கள்.